முப்பதாயிரத்துக்குள் ஓர் எஞ்சின்

பழைய எஞ்சின் வாங்குவது எப்படி என்று என்னிடம் ஒருவர் யோசனை கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஊறுகாய் ஏன் பூசணம் பூத்தது, பெண்ணை எந்தக் காலேஜில் சேர்க்கலாம், மாமியாருக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டலாமா - இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு பாரூரிலிருந்து என் பெரியம்மா மகள் போன் செய்தாள்.

"பாப்பா, வண்டி எஞ்சின் போயிடுச்சு. நீ பத்திரிகைக்காரி ஆச்சே, நாலு பேரைத் தெரிஞ்சிருக்குமே. பழைய எஞ்சின் எங்கே கிடைக்கும்?"

பத்திரிகைக்காரிக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்கள் நினைப்பது எங்கள் தொழிலில் உள்ள சங்கடங்களில் ஒன்று. எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது ஓடாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும் என்பதுதான். ஆயினும் அக்கா குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்ட பிறகு, "தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

பாரூரைத் தெரியாத சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளித் தாலுகாவில் இருக்கிறது அந்த ஊர். தென்பெண்ணையாற்றில் நெடுங்கல் என்ற இடத்தில் உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து நிரம்பும் பெரிய ஏரி ஒன்று உண்டு. அங்கே மீன் பண்ணையும் உண்டு. சுற்று வட்டாரத்துக் குளம் குட்டைகளில் விடுவதற்கு மீன் குஞ்சுகளை வாங்கிப் போவார்கள். அப்படி வாங்குபவர்களுக்குக் குஞ்சுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அக்கா வீட்டுக்காரரின் பிழைப்பு. மாருதி ஆம்னியில் சரக்கு ஏற்றும் மாதிரி ஒன்று, மஞ்சள் போர்டு வண்டி, 2011-ல் வாங்கியது. அந்த ஒரு வண்டிதான் அவர்களுக்கு நிலம், நீச்சு, ஆபீஸ் எல்லாம்.

மீன் குஞ்சு எப்படிப் பயணம் போகிறது தெரியுமோ? பெரிய பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மிச்சத்துக்கு சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் பிடித்து, வாயை முறுக்கி ரப்பர் போட்டுக் கட்டிவிடுவார்கள். பைக்குள் அடைத்த காற்று தீருவதற்குள், தண்ணீர் சூடேறுவதற்குள், போய்ச் சேர வேண்டும். அன்றைக்குக் காவேரிப்பட்டணம் தாண்டி வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றபோது, பின்னால் இருபது பைகள் இருந்தன. வேறு வண்டி பிடித்து ஏற்றி அனுப்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குஞ்சுகளில் பாதிக்கு மேல் மிதந்துவிட்டன. அந்த நஷ்டத்தையும் மாமாதான் ஏற்க வேண்டியதாயிற்று.

எஞ்சின் ஏன் போயிற்று என்று நான் கேட்டதும், வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்து, இரண்டு மாதமாகக் கசிந்துகொண்டிருந்ததாம். தினம் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, "வண்டிக்குத் தாகம் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே மாமா ஓட்டியிருக்கிறார். சில நூறு ரூபாய்க் குழாய்! தண்ணீர் இல்லாமல் எஞ்சின் கொதித்து, மேல் மூடியான 'ஹெட்' வளைந்து, பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறிவிட்டது. வெயிட் போட்ட பிரஷர் குக்கரைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதைத்தான் அவர் சாலையில் செய்திருக்கிறார். அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை நாம் எப்படிச் சொல்லாமல் இருப்போமோ, அப்படி இருந்தாள்.

உள்ளூர் மெக்கானிக் மூன்று வழி சொன்னார். சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன், ரிங், கிராங்க் எல்லாம் மாற்றிப் பழையதையே புதுப்பிக்க முப்பத்தெட்டாயிரம் ஆகும், பத்து நாளாகும். புது எஞ்சினின் விலையைக் கேட்டதும் மாமா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மூன்றாவது வழி, வேறொரு பழைய வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின். அக்காவிடம் இருந்தது சீட்டு எடுத்த முப்பதாயிரம் ரூபாய். அது மகளின் காலேஜ் பீஸுக்கென்று வைத்திருந்த பணம். வண்டி ஓடினால் ஜூன் மாதத்துக்குள் அதைத் திருப்பி வைத்துவிடலாம். ஓடாவிட்டால் பீஸும் இல்லை, வண்டியும் இல்லை.

பழைய எஞ்சினை மாட்டுவது ஏதோ ஏழைகளின் குறுக்கு வழி என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் இது பெரிய சம்பிரதாயம். பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் போன காலத்தில் அம்பாஸிடர் கார்க்காரர்கள் எத்தனையோ பேர், மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் அம்பாஸிடர் வந்தால் லாரி வந்த மாதிரி சத்தம் கேட்டதன் ரகசியம் அதுதான். ஆம்னியின் விஷயத்தில் இன்னும் சௌகரியம். 796 ஸி.ஸி., மூன்று சிலிண்டர் கொண்ட அதன் எஞ்சினும் மாருதி 800 காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். 800 கார் 1983-லிருந்து 2014 வரையிலும், ஆம்னி 1984-லிருந்து 2019 வரையிலும் தயாராயின. இரண்டும் நின்றுபோனாலும், உடைத்த வண்டிகளின் எஞ்சின்கள் நாடு முழுவதும் கிடக்கின்றன.

எங்கே கிடக்கின்றன? சென்னையில் புதுப்பேட்டை, கோயமுத்தூரில் உக்கடம், பெங்களூரில் சிவாஜிநகரத்து குஜரிக் கடைகள். பாரூரிலிருந்து பெங்களூர் பக்கம் என்பதால் அங்கேயே போவது என்று தீர்மானித்தோம். மெக்கானிக் அண்ணனையும் ஒரு நாள் கூலி பேசி அழைத்துக்கொண்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கூலியைச் செலவென்று நினைக்காதீர்கள்.

பஸ் ஓசூரைக் கடந்தபோது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. 1980-ல் டி.வி.எஸ். மொபெட் பிறந்த ஊர். அதே ஆண்டில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலையும் வந்த ஊர். எஞ்சினுக்குப் பஞ்சமில்லாத அந்த ஊர் வழியாக, நாங்கள் பழைய எஞ்சினுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். போதாக்குறைக்கு, பாரூருக்குப் பக்கத்தில் போச்சம்பள்ளியில் 2021 முதல் எஞ்சினே இல்லாத மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள்! "அதிலே மீன் குஞ்சு ஏத்த முடியுமா?" என்றார் மாமா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

முதலில் நுழைந்த கடை எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆம்னி எஞ்சின் ஒன்று, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, நரைத்த தலைக்குச் சாயம் பூசினாற்போல் பளபளவென்று வைத்திருந்தார்கள். விலை ஒன்பதாயிரம். மாமாவின் முகம் மலர்ந்தது. பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்று எண்ணி வந்தவர் அல்லவா? பையைத் திறக்கச் சொல்லி அக்காவுக்கு ஜாடை காட்டினார்.

அக்கா பையைத் திறக்கவில்லை. "பில் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"பில் எதுக்கும்மா? பில் போட்டா ரேட் ஜாஸ்தி ஆகும்."

"எந்த வண்டியிலேருந்து எடுத்தது?"

"அதெல்லாம் யாரும்மா கேட்கிறா? எஞ்சின் நல்லா இருக்குதா, அதைப் பாருங்க."

மெக்கானிக் அண்ணன் குனிந்து, எஞ்சின் நம்பர் பொறித்திருக்கும் இடத்தை விரலால் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். மற்ற இடமெல்லாம் வார்ப்பிரும்பின் சொரசொரப்பு. நம்பர் இருந்த இடம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்தது போல் வழவழவென்று இருந்தது. எழுத்துக்களும் ஒன்று மேலே, ஒன்று கீழே. அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம்.

தெருவில் மாமாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "பேப்பரைப் போட்டா வண்டி ஓடப் போகுது? ஆறாயிரம், ஏழாயிரம் மிச்சமாகிறதை விட்டுட்டு வரீங்களே!" அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரமாக வருமானம் இல்லாத மனிதருக்கு ஏழாயிரம் என்பது சின்னத் தொகையா? ஆனால் அந்த மலிவு எதனால் வருகிறது என்று பாருங்கள். திருட்டு வண்டியை உடைத்து எடுத்த எஞ்சினாக இருந்தால், பின்னால் போலீஸ் விசாரணை வாங்கியவர் வாசலில்தான் வந்து நிற்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்.ஸி. புத்தகத்தில் புது நம்பரை ஏற்ற வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால் பதினாலு நாளைக்குள் போய்ச் சொல்ல வேண்டும். பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளிகள் அதே வகை எஞ்சினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில சர்க்கார் இடம் கொடுக்கலாம் என்று அதே பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. ஒற்றை வண்டிக்காரருக்கு அந்தப் பேச்சே இல்லை. என்ன செய்வது, சலுகைகளின் சுபாவமே அப்படி!

மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம் கடந்தால் வருஷா வருஷம் எப்.ஸி. உண்டு. அங்கே நம்பரை ஒப்பிட்டுப் பார்க்கையில் ஆர்.ஸி.யில் ஒன்றும் எஞ்சினில் வேறொன்றும் இருந்தால், வண்டி வாசலோடு நின்றுவிடும். விபத்து ஏதாவது நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைத்தான் முதலில் கேட்கும். ரசீது இல்லாத எஞ்சினை எந்த ஆபீஸில் காட்டிப் பதிவது? ஆகவே சகோதரிகளே, விலையைக் கேட்பதற்கு முன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் விலையைக் கேட்காதீர்கள். கேட்டால் ஆசை வரும்.

நான்காவது கடையில் இருந்த பெரியவர் வேறு மாதிரி. நாங்கள் கேட்பதற்கு முன்பே, எஞ்சின் இருந்த வண்டியின் நம்பரையும், பதிவு ரத்தான காகிதத்தின் நகலையும் எடுத்து வைத்தார். வண்டி நம்பரைக் கைப்பேசியில் பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தோம். வண்டி வகை, வருஷம் எல்லாம் பொருந்தின. இன்ஜெக்‌ஷன் வண்டியின் எஞ்சின்தான் என்பதையும் மெக்கானிக் அண்ணன் உறுதி செய்துகொண்டார். பழைய கார்புரேட்டர் வண்டியின் எஞ்சினும் இதுவும் உடன்பிறப்புகள் ஆனாலும் மானிபோல்டு, சென்ஸார், ஒயரிங் எல்லாம் வேறு வேறு. அவசரத்தில் அதை வாங்கி வந்து இதற்குப் பொருத்தப் பார்த்தால், அக்கா ஜாக்கெட்டைத் தங்கைக்குப் பிரித்துத் தைப்பது போல் நேரமும் பணமும் போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு நடந்த பரீட்சையை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். பால் விட்ட காப்பி நிறத்தில் நுரை இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம், அல்லது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் முழுகின என்பது நமக்கு மறந்துவிடவில்லை. தண்ணீருக்குள் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து, அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சின் வெளியே பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். இடுக்குகளில் காய்ந்த வண்டல் மண்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். இளம் பழுப்பு நிறமென்றால் நல்லது. கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் உள்ளே ஆயில் எரிகிறது. பின்பு பிளக் இருந்த துவாரத்தில் அழுத்தமானியை வைத்து, பேட்டரி கொடுத்து எஞ்சினைச் சுற்றவிட்டார். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். முதல் எஞ்சினில் இரண்டு சிலிண்டர் சரியாக இருந்தன. மூன்றாவது வெகுவாகக் கீழே நின்றது. அப்போது அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு ஸ்பூன் ஆயிலை அந்த சிலிண்டருக்குள் விட்டு மறுபடியும் அளந்தார். முள் ஏறியது. "ரிங் தேய்ஞ்சிருக்கு" என்றார். ஆயில் இடைவெளியை அடைத்ததால் அழுத்தம் ஏறியதாம். ஏறாமல் இருந்திருந்தால் கோளாறு வால்வில் என்று கொள்ள வேண்டுமாம். நாடி பிடித்து வியாதி சொல்லும் வைத்தியரைப் போல இருந்தது.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ இதைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து இன்னொன்றைக் காட்டினார். அழுக்கும் எண்ணெயுமாக, யாரும் குளிப்பாட்டாத எஞ்சின். 160, 158, 150 என்று காட்டியது முள். அரம் படாத நம்பர். விலை பத்தொன்பதாயிரம் என்றார். அக்கா பதினைந்தில் ஆரம்பித்துப் பதினாறாயிரத்து ஐந்நூறில் முடித்தாள். போச்சம்பள்ளிச் சந்தையில் மாட்டு வியாபாரிகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது பெரிய காரியமா? பில்லில் எஞ்சின் நம்பரையும், "15 நாள் செக்கிங் வாரண்டி" என்பதையும் எழுதி வாங்கிய பிறகுதான் பையைத் திறந்தாள். கர்நாடகத்தில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கிருஷ்ணகிரி 'குட்டி யானை' ஒன்றில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு எஞ்சின் ஊர் வந்து சேர்ந்தது.

இனிமேல்தான் பலரும் ஏமாறும் இடம் வருகிறது. எஞ்சின் வாங்கியாயிற்று, மாட்ட வேண்டியதுதானே என்று நினைக்கிறோம். எஞ்சினின் விலை மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதிதான்! எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் பிளேட்டை மாற்றிவிட வேண்டும். அப்புறம் அதற்காக மறுபடி பிரித்தால் கூலி இன்னொரு தரம். அதே போல டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் ஸீல், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய எஞ்சினைக் கொன்ற குழாய்களையும் அடைத்துப்போன ரேடியேட்டரையும் சரி செய்யாமல் புது எஞ்சினை மாட்டக் கூடாது. மாமா, "ரேடியேட்டர் அப்புறம் பார்த்துக்கலாமே" என்று மெல்ல ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

அக்காவின் கணக்கு நோட்டிலிருந்து சொல்கிறேன். கிளட்சுக்கு 2,400 ரூபாய். பெல்ட், பம்ப், ஸீல், காஸ்கெட் வகையில் 3,300. மவுண்டிங்கும் குழாய்களும் 1,450. ரேடியேட்டர் 1,200. ஆயில், பில்டர், கூலன்ட் 1,650. இறக்கி ஏற்றிய கூலி 4,500. எஞ்சின், வண்டி வாடகை உள்பட 32,800 ஆயிற்று. ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி வைத்துக்கொண்டு, செத்த எஞ்சினை எடைக்குப் போட்டதில் 2,900 வந்தது. மிச்சம் 29,900. மெக்கானிக் அண்ணனின் பெங்களூர்க் கூலி, பஸ் சார்ஜ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டத்தான் செய்தது. தாண்டிய தொகை, அக்கா அரிசிப் பானையில் வைத்திருந்த பணம். அது எவ்வளவு என்று என்னிடங்கூடச் சொல்ல மறுத்துவிட்டாள்.

மாட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே அல்லவா இருக்கிறது? சீட்டுகளைத் தூக்கித் திண்ணையில் வைத்து அதில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முதலில் பிளக்குகள் இல்லாமலே சற்று நேரம் சுற்றவிட்டார், ஆயில் எல்லா இடமும் போய்ச் சேரட்டும் என்று. பிறகு பிளக்கைப் போட்டு மாமாவிடம் சாவியைக் கொடுத்தார். முதல் தரம் இருமியது. இரண்டாம் தரமும் இருமியது. மாமாவின் நெற்றியில் வியர்வை. மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. ஆனால் கீழே ஒரு சொட்டு ஆயில்! எல்லோர் முகமும் மாறிப் போயிற்று. பில்டரை இறுக்காமல் விட்டிருந்தாராம். அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது. உடனே ஓடாதே, ரேடியேட்டரில் உள்ள காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறட்டும் என்று கால் மணி நேரம் நிறுத்தியே ஓடவிட்டார். ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தரம் மாற்ற வேண்டும், அதுவரை பாரம் ஏற்றி மேட்டில் விரட்டக் கூடாது என்பது அவருடைய பத்தியம்.

அந்த வாரமே கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், பில்லையும் ரத்தான பதிவின் நகலையும் கொடுத்து மனு எழுதிப் போட்டார்கள். வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நடை நடக்க வேண்டியிருந்தது. புது நம்பர் ஆர்.ஸி.யில் ஏறியதும், இன்ஷூரன்ஸுக்கும் ஒரு கடிதம் போயிற்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். கட்லாவும் ரோகுவுமாகப் பதினெட்டுப் பை ஏற்றிக்கொண்டு மாமா தர்மபுரிப் பக்கம் போயிருக்கிறாராம். ஒரு பை கூடச் சேதமில்லை என்று செய்தி வந்துவிட்டதாம். காலையில் தண்ணீர் அளவு பார்த்து நோட்டில் எழுதுவது இப்போது மகளின் வேலை. எழுதாத நாளில் மாமாவுக்கு வண்டிச் சாவி கிடைக்காது.

"எஞ்சின் பில் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"அவளோட பிறப்பு சர்ட்டிபிகேட் இருக்கிற தகரப் பெட்டியிலேதான்" என்றாள் அக்கா.